நான்கு வயது மகன் ‘குள்ளத்தன்மை’ கோட்டுக்குக் கீழே: அந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன், ஏனெனில் அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. உங்கள் மகனுக்குச் சென்ற மாதம் நான்கு வயது நிறைந்தது. அங்கன்வாடியில் அளந்தபோது உயரம் 94 செ.மீ., எடை 13 கிலோ. பணியாளர் கைப்பேசிச் செயலியில் பதிந்ததும் ‘குள்ளத்தன்மை’ என்று வந்துவிட்டது. நிறைமாதத்தில் 2.6 கிலோ எடையுடன் பிறந்தவன், பெரிய நோய் எதுவும் வந்ததில்லை, ஓடியாடி விளையாடுகிறான். உங்கள் உயரம் 148 செ.மீ., கணவருடையது 160 செ.மீ. அந்த வரைபடம் வெள்ளைக்காரக் குழந்தைகளை வைத்துப் போட்டது, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்கிறார் உங்கள் அண்ணன். உயரம் குறைந்தால் மூளை வளர்ச்சியும் குறையும் என்று எங்கோ படித்துவிட்டு நீங்கள் தூக்கமின்றி இருக்கிறீர்கள். மாமியார் அதற்குள் ஹெல்த் டிரிங்க் டப்பா வாங்கி வந்துவிட்டார். வரைபடத்தை நம்பலாமா, மூளைக்கு ஆபத்தா, அந்தப் பவுடரைக் கொடுக்கலாமா என்பவைதான் உங்கள் கேள்விகள்.

நான் சமூக மருத்துவம் படித்தவன். குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கும் கள ஆய்வுகளில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்கள் மகனை நேரில் பார்க்காமல் அவனுக்கு ஒன்றுமில்லை என்றோ, ஏதோ இருக்கிறது என்றோ சொல்வது முறையாகாது. அந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும், அதன் பின்னாலிருக்கும் ஆய்வுகளில் எது உறுதியானது, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் சொன்னது முற்றிலும் தவறல்ல. பழைய வரைபடத்துக்கு அது சரியாகவே பொருந்தும். 1977-இல் அமெரிக்கச் சுகாதாரப் புள்ளிவிவர மையம் வெளியிட்ட அளவுகளைத்தான் உலக சுகாதார நிறுவனம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகத்துக்கெல்லாம் பரிந்துரைத்து வந்தது. அதில் கைக்குழந்தைகளுக்கான பகுதி ஒஹையோ மாநிலத்தின் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரைச் சுற்றியிருந்த வெள்ளை இன, நடுத்தர வர்க்கக் குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில மாதங்களுக்குப் பிறகு எடை கூடும் வேகம் சற்றுத் தணியும், அது இயல்பு. ஆனால் அந்தப் பழைய வரைபடத்தில் அதே குழந்தை பின்தங்குவதுபோலத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ‘தாய்ப்பால் போதவில்லை’ என்று புட்டிப்பாலுக்கு மாற்றிவிடப்பட்ட குழந்தைகளும் உண்டு.

அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் ஒரே முறையில் ஓர் ஆய்வு நடந்தது: பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, நார்வேயில் ஆஸ்லோ, ஓமனில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ், நம் நாட்டில் தெற்கு டெல்லி. ஏறத்தாழ எட்டாயிரத்து ஐந்நூறு குழந்தைகள். தாய் புகைபிடிக்காதவர், குழந்தை நிறைமாதத்தில், இரட்டையராக அல்லாமல் ஒற்றையாகப் பிறந்தது, தாய்ப்பால் குடித்தது, வளர்ச்சியைத் தடுக்கும் வறுமை குடும்பத்தில் இல்லை என்ற நிபந்தனைகளோடு சேர்க்கப்பட்டவர்கள் இவர்கள். குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பதிவு செய்வதோடு நிற்காமல், தடையில்லாமல் வளர்ந்தால் எப்படி வளர்வார்கள் என்று காட்டுவதுதான் நோக்கம். கிடைத்த விடை பலருக்கு வியப்பாக இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தைகளின் நீளத்தில் காணப்பட்ட மொத்த வேறுபாட்டில் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டின் பங்கு 3 சதவீத அளவுதான். ஒரே ஊரில் குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாட்டின் பங்கு 70 சதவீதம். இந்த ஆய்விலிருந்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வரையறைகள்தாம் 2008 முதல் இந்திய அங்கன்வாடிகளிலும் பயன்படுகின்றன. செயலி உங்கள் மகனை ஒப்பிட்டது அவற்றோடுதான். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-இல் நம் நாட்டுக்கென வரைபடம் வெளியிட்டபோதும், அது ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். ஐந்துக்குக் கீழே உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தையே அந்தச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

எனவே வசதியான சூழலில், தாய்ப்பால் குடித்து, நோய்நொடி குறைவாக வளரும் இந்தியக் குழந்தையால் அந்தக் கோடுகளை ஒட்டி வளர முடியும் என்பது உறுதி. ஆனால் டெல்லியின் வசதியான பகுதிக் குழந்தைகளை வைத்து, நீலகிரிப் பழங்குடிக் குழந்தையும் தென் மாவட்டத்து உழவர் வீட்டுக் குழந்தையும் அதே சராசரியைத்தான் எட்டும் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா 2013-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். பிள்ளைச்சாவு உள்ளிட்ட பல அளவுகளில் ஆப்பிரிக்க நாடுகளைவிட மேலான நிலையில் இருக்கும் இந்தியாவில் குள்ளத்தன்மை மட்டும் அவற்றைவிட அதிகமாக இருப்பானேன், அளவுகோலே நமக்குப் பொருந்தவில்லையோ என்றார். பலர் மறுத்து எழுதினார்கள். மறுத்தவர்களின் பக்கமே சான்று வலுவாக இருப்பதாக நான் கருதுகிறேன், ஆனாலும் கேள்வி நியாயமானது.

இனி அந்தக் கோட்டுக்கு வருவோம். குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. நான்கு வயது நிறைந்த ஆண் குழந்தைகளின் நடு அளவு 103.3 செ.மீ. அதிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் (குழந்தைகளின் உயரம் நடு அளவைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டும் புள்ளியியல் அளவு) கீழே போனால் 94.9 செ.மீ.; அதற்குக் கீழே இருந்தால் ‘குள்ளத்தன்மை’ என்று பதிவாகும். உங்கள் மகன் அந்தக் கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகக் கீழே நிற்கிறான். இந்தக் கோடு எங்கோ நோய் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து வரைந்தது அல்ல. புள்ளியியல் வசதிக்காக வரைந்தது. எந்தக் குறையும் இல்லாத நூறு குழந்தைகளை நிறுத்தினாலும் அவர்களில் இரண்டு மூன்று பேர் அதற்குக் கீழே இருப்பார்கள். அவர்கள் நோயாளிகள் அல்லர், குட்டையானவர்கள், அவ்வளவுதான்.

ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். நாடு முழுவதும் 35.5 சதவீதம். இரண்டோ மூன்றோ இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து என்றால், ஒரு சமூகமாக நம் குழந்தைகளுக்கு ஏதோ கிடைக்காமல் போகிறது என்று பொருள். அந்தச் செய்தியை அரசுக்குச் சொல்வதற்கு இந்தக் கோடு மிக நல்ல கருவி. அந்த இருபத்தைந்து பேரில் இயல்பாகவே குட்டையான பிள்ளை யார், வளர்ச்சி தடைப்பட்ட பிள்ளை யார் என்று ஒரே ஓர் அளவை வைத்துப் பிரித்துச் சொல்ல அதனால் இயலாது. கோட்டுக்கு மேலே, 97 செ.மீ.யில் நிற்கும் குழந்தைக்குக்கூட வளர்ச்சி தடைப்பட்டிருக்கலாம். அவன் 102 ஆக வேண்டியவனாக இருந்திருக்கலாம். ஒரு குழந்தையைப் பற்றி வரைபடம் சொல்லக்கூடிய உருப்படியான செய்தி, பல மாதங்களாகப் புள்ளிகள் எந்தப் பாதையில் போகின்றன என்பதுதான்.

ஆகவே, தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பழைய பதிவுகளைப் பாருங்கள். ஒரு வயதில், இரண்டு வயதில், மூன்று வயதில் அவனது நீளம் எங்கே இருந்தது? தொடக்கத்திலிருந்தே கடைசிக் கோட்டை ஒட்டி, அதற்கு இணையாக வந்துகொண்டிருக்கிறானா, அல்லது நடுக்கோட்டின் அருகே இருந்தவன் வரவரக் கீழே இறங்கினானா? முன்னதானால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. பின்னதானால் எப்போது இறங்கத் தொடங்கினான், அப்போது என்ன நடந்தது என்று மருத்துவர் கேட்க வேண்டியிருக்கும். எடை பற்றிச் சொல்வதானால், 94 செ.மீ. உயரத்துக்கு 13 கிலோ என்பது இயல்பான எல்லைக்குள் நன்றாகவே இருக்கிறது. அவன் மெலிந்த குழந்தை அல்ல.

அளவு சரியா என்பதையும் கேட்டாக வேண்டும். மேலே சொன்ன ஆறு நாட்டு ஆய்வில் இரண்டு பேர் ஒரே குழந்தையைத் தனித்தனியாக அளந்தார்கள். இருவர் அளவுக்கும் இடையே 7 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தால் மறுபடி அளக்க வேண்டும் என்பது விதி. அங்கன்வாடியில் ஒரே பணியாளர், ஒரு கையால் அழும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பலகையை இறக்குகிறார். சுவரில் ஒட்டிய தாள் அளவுகோலின் அடிப்பகுதி தரையோடு பொருந்தாமல் அரை சென்டிமீட்டர் தூக்கி நிற்பதை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நான்கு வயதில் ஒரு திட்ட விலக்கம் என்பது 4.2 செ.மீ. அளவுதான், ஒரு சென்டிமீட்டர் பிசகினால் உங்கள் மகன் கோட்டுக்கு மேலே வந்துவிடுவான், அல்லது இன்னும் கீழே போவான். சரியாக அளப்பதற்குச் செருப்பு, தலைமுடிக் கிளிப் எதுவும் இருக்கக் கூடாது. குதிகால், பிட்டம், தோள்பட்டை ஆகியவை சுவரைத் தொட வேண்டும். முழங்கால் மடங்காதபடி ஒருவர் கீழே உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு தலையை நிறுத்தி, பலகையை முடி அழுந்தும்வரை இறக்க வேண்டும். மாலையில் யாருமே காலையைவிடச் சற்றுக் குட்டையாகத்தான் இருப்பார்கள் என்பதால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே நேரத்தில் அளப்பது நல்லது. இன்னொரு நுணுக்கம்: இரண்டு வயதுக்குக் கீழே குழந்தையைப் படுக்கவைத்தும், அதற்கு மேலே நிற்கவைத்தும் அளப்பார்கள். படுக்கையில் எடுத்த அளவு நின்று எடுத்ததைவிட 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும். அட்டையில் அந்த இடத்தில் ஒரு சிறு சறுக்கல் தெரிந்தால் அதற்கு வேறு பொருள் தேட வேண்டாம்.

பெற்றோரின் உயரத்தைச் சொன்னது மிகவும் உதவுகிறது. ஆண் பிள்ளைக்குத் தாய் தந்தை உயரங்களைக் கூட்டி, அதோடு 13 சேர்த்து, இரண்டால் வகுப்பது மருத்துவர்களின் வழக்கம். பெண் பிள்ளைக்கு 13-ஐக் கழிப்பார்கள். உங்கள் கணக்கில் 160.5 செ.மீ. வருகிறது. வளர்ந்த ஆண்களுக்கான நடு அளவோடு ஒப்பிட்டால் இது இரண்டு திட்ட விலக்கத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே இருக்கிறது. உங்கள் மகனும் இன்று ஏறத்தாழ அதே தூரம்தான் கீழே நிற்கிறான். வீட்டு வாகுக்கு ஏற்றபடி வளர்கிறான் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம், பெரும்பாலான மருத்துவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இருந்தாலும் இந்தக் கணக்கை நான் ஓரளவுக்குத்தான் நம்புவேன். 148-உம் 160-உம் உங்கள் இருவரின் மரபணுக்கள் மட்டும் எழுதிய எண்கள்தாமா? நீங்கள் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது வீட்டில் என்ன சாப்பாடு கிடைத்தது, எத்தனை முறை வயிற்றுப்போக்கு வந்தது, உங்கள் தாயார் கருவுற்றிருந்தபோது என்ன எடை இருந்தார் என்பவையும் அந்த எண்களுக்குள் இருக்கின்றன. 1896-இல் பிறந்த தென்கொரியப் பெண்களையும் 1996-இல் பிறந்தவர்களையும் ஒப்பிட்டால் சராசரி உயரம் 20 செ.மீ. கூடியிருக்கிறது. நூறு ஆண்டுகளில் மரபணுக்கள் அவ்வளவு மாறுவதில்லை. சோறும் தண்ணீரும் மருத்துவமும் மாறின. நம் ஊரிலும் தாயைவிட மகளும், அவளைவிடப் பேத்தியும் வளர்ந்திருப்பதை வீட்டுப் புகைப்படங்களிலேயே பார்க்கலாம். தாயின் உயரம் குழந்தையின் பிறப்பு எடையையும் ஓரளவு கட்டுப்படுத்துவதால் இந்த மாற்றம் ஒரே தலைமுறையில் முடிந்துவிடுவதில்லை. ஆகவே ‘பெற்றோர் குட்டை, அதனால் பிள்ளையும் குட்டை’ என்பது உங்கள் மகனுக்கு நோய் இல்லை என்று தேற்றிக்கொள்ளப் போதுமான விளக்கம். கால் பங்குக் குழந்தைகள் கோட்டுக்குக் கீழே கிடக்கும் ஒரு மாநிலம் அதையே சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

இந்தியக் குழந்தைகள் ஏன் குட்டையாக இருக்கிறார்கள் என்ற பெரிய கேள்வியில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பொருளாதார அறிஞர்கள் சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே இருவரும் 2017-இல் காட்டியது கவனிக்கத்தக்கது: இந்தியாவின் தலைப்பிள்ளைகள் ஆப்பிரிக்காவின் தலைப்பிள்ளைகளைவிடக் குட்டையானவர்கள் அல்லர், இரண்டாவது பிள்ளையிலிருந்துதான் இடைவெளி தொடங்கி அடுத்தடுத்து விரிகிறது. மரபணு மட்டும் காரணமென்றால் தலைப்பிள்ளைக்கும் அது பொருந்த வேண்டுமல்லவா? மூத்த ஆண் பிள்ளைக்குக் கிடைக்கும் கவனிப்பும் செலவும் மற்றவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது அவர்களின் விளக்கம். திறந்தவெளியில் மலம் கழிப்பதால் குடலில் ஓயாமல் தொற்று ஏறுவதே காரணம் என்று மற்றொரு தரப்பு வலுவாக வாதிட்டது. வேலூர் உள்பட எட்டு நாடுகளின் எட்டு இடங்களில் 2009 முதல் பிறப்பிலிருந்தே குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு அதற்கு ஓரளவு ஆதரவாகவே அமைந்தது. வயிற்றுப்போக்கே இல்லாமல் குடலில் சத்தமின்றித் தங்கும் சில கிருமிகள்கூட வளர்ச்சியைக் குறைப்பதோடு தொடர்புடையவை என்று அது கண்டது. அப்படியானால் கழிப்பறையும் சுத்தமான நீரும் கை கழுவும் வசதியும் கொடுத்தால் குழந்தைகள் உயர வேண்டும். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 2018, 2019-இல் முடிவுகள் வந்தன. உயரம் கூடவில்லை. கூடுதல் உணவு கொடுத்த பிரிவில் மட்டும் சிறிதளவு, கால் திட்ட விலக்கத்துக்கு மேற்படாத அளவு கூடியது. கை கழுவுவது வீண் என்று இதற்குப் பொருள் அல்ல, வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு நன்றாகவே குறைந்தது. எளிய வசதிகள் மட்டும் கிருமிச் சுமையைப் போதுமான அளவு குறைக்கவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். தொடர்பே நாம் நினைத்த அளவுக்கு இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள்.

முட்டை பற்றிய ஆய்வும் இப்படித்தான். ஈக்வடாரில் ஆறு முதல் ஒன்பது மாதக் கைக்குழந்தைகளுக்கு ஆறு மாதங்கள் தினம் ஒரு முட்டை கொடுத்தார்கள். 2017-இல் வந்த முடிவு பிரமிக்க வைத்தது, நீளம் 0.63 திட்ட விலக்கம் கூடியிருந்தது. அதையே மலாவியில் ஏறத்தாழ நான்கு மடங்கு குழந்தைகளை வைத்துச் செய்தபோது வளர்ச்சியில் மாற்றமே இல்லை. ஏரி மீன் ஏற்கெனவே அந்தக் குழந்தைகளின் சாப்பாட்டில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். ‘முட்டை கொடுத்தால் உயரம் கூடும்’ என்று முதல் ஆய்வை மட்டும் படித்துவிட்டு எழுதும் செய்திகளை நான் ஏன் தள்ளி வைக்கிறேன் என்பது இதிலிருந்து தெரியும்.

மூளை பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். இரண்டு வயதில் குட்டையாக இருந்த குழந்தைகள் பிற்காலத்தில் சராசரியாகக் குறைவாகப் படித்தார்கள், குறைவாகச் சம்பாதித்தார்கள் என்பது உண்மை; பிரேசில், குவாத்தமாலா, இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் நீண்டகாலத் தரவுகள் அதைச் சொல்கின்றன. ஆனால் குட்டையாக இருப்பதா மூளையைத் தடுக்கிறது? வறுமை, தொற்று, அரைவயிற்றுச் சாப்பாடு, பேசி விளையாட ஆளில்லாத வீடு ஆகியவை எலும்பின் வளர்ச்சியையும் தடுக்கின்றன, மூளையின் வளர்ச்சியையும் தடுக்கின்றன. குட்டையும் படிப்பில் பின்தங்குவதும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் இரண்டு விளைவுகள். அந்த வேர் இல்லாத வீட்டில், தாய் தந்தை வாகுப்படி குட்டையாக இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சராசரியைப் பொருத்திப் பார்ப்பது பிழை.

இதை நன்றாக உணர்த்துவது ஜமைக்காவில் 1986–87-இல் தொடங்கிய ஓர் ஆய்வு. கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் 9 முதல் 24 மாத வயதுள்ள, வளர்ச்சி தடைப்பட்ட 129 குழந்தைகளைப் பிரித்து, சிலருக்குக் கூடுதல் பாலுணவு கொடுத்தார்கள். சிலருடைய வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை போய், ஒரு மணி நேரம், வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துக்கொண்டு, குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. அவர்களுக்கு இருபத்திரண்டு வயதானபோது கணக்கெடுத்ததில், விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. வளர்ச்சி தடைப்படாத குழந்தைகளின் நிலையை அவர்கள் எட்டிப் பிடித்திருந்தார்கள். பாலுணவு மட்டும் பெற்ற பிரிவில் அந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை. 129 என்பது சிறிய எண்ணிக்கைதான், அதை மறந்துவிட்டு இதைக் கொண்டாடக் கூடாது. ஆனாலும் உயரத்தை விரட்டுவதற்குச் செலவிடும் கவலையில் பாதியைக் கதை சொல்வதற்கும் கேள்விக்குப் பதில் சொல்வதற்கும் செலவிட்டால் உங்கள் மகனுக்கு அதிக நன்மை என்று சொல்லும் துணிவை இந்த ஆய்வு எனக்குத் தருகிறது.

உணவால் பயனே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வயதுதான் முக்கியம். குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில், இரண்டில் புரதமும் ஆற்றலும் மிகுந்த கஞ்சியும் இரண்டில் புரதமில்லாத சர்பத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறு வயதில், இரண்டு மூன்று வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண்களின் கூலி, அவர்கள் வளர்ந்தபின் 46 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. அதற்குப் பிந்திய வயதில் குடித்தவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. நான்கு வயதில் எதைக் கொடுத்தாலும் இழந்த உயரம் முழுவதும் திரும்பிவிடும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஓரளவு மீட்சி பிற்பாடும் நடக்கிறது என்று ஆந்திரம் உள்ளிட்ட இடங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டுகின்றன, அது எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு.

மாமியார் வாங்கி வந்த டப்பாவைப் பற்றி நேராகவே சொல்லிவிடலாம். இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களை அந்தத் தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களை விற்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. டப்பாவின் பின்புறம் சர்க்கரை அளவைப் படித்துப் பாருங்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையாக இருக்கும் தயாரிப்புகள் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. இத்தகைய பல தயாரிப்புகளில் இரண்டு கரண்டி பவுடரில் அதில் பாதிகூட இராது. ஏற்கெனவே உயரத்துக்கேற்ற எடையோடு இருக்கும் பிள்ளைக்கு இனிப்பை ஏற்றுவதில் நம் நாட்டுக்கே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. புனேயில் கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கின் குழுவினர் காட்டியபடி, அந்த வட்டாரக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோவில் பிறக்கிறார்கள், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ, தசை அவ்வளவு குறைந்தும் உடற்கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. டெல்லியில் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஒரு தலைமுறையில், இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பிறகு பன்னிரண்டு வயதுவரை உயரத்தைவிட எடை வேகமாக ஏறிய பிள்ளைகளுக்கே முப்பது வயதை ஒட்டி நீரிழிவு அதிகம் வந்தது. அவர்கள் அப்போது பார்வைக்குக் குண்டாகக்கூட இருக்கவில்லை. மாமியாரிடம் சண்டை வேண்டாம். வாங்கியதற்காக வாரத்தில் ஒருநாள் பாலில் கலந்து கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. அன்றாடத்துக்குப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கீரை, தயிர், அங்கன்வாடி சத்துமாவு உருண்டை ஆகியவை போதும். முதலில், அவன் பசியோடு சாப்பிட உட்காரும்படி, இடையில் கொடுக்கும் பிஸ்கட் பாக்கெட்டை நிறுத்துங்கள்.

செய்ய வேண்டியது இது. இந்த வாரமே ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ குழந்தை மருத்துவரிடமோ இரண்டு முறை அளக்கச் சொல்லி, தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில், அதே கருவியில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கடைசிக் கோட்டை ஒட்டி வளரும் பையன் நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் 6 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வளர்வான். ஆகவே ஆறு மாதத்தில் 3 செ.மீ. அளவு எதிர்பார்க்கலாம். 2 செ.மீ.கூட வளரவில்லையென்றால் மீண்டும் அளந்து உறுதி செய்துகொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆண்டுக்கு 5 செ.மீ.க்குக் குறைவான வளர்ச்சி, மூன்று திட்ட விலக்கத்துக்குக் கீழே போன உயரம், விடாத வயிற்றுப்போக்கு, மலச்சிக்கலோடு எந்நேரமும் சோர்வு, காலையில் தலைவலியும் வாந்தியும், கை கால்களின் நீளம் உடலோடு பொருந்தாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். தைராய்டு, இரத்தப் பரிசோதனை, எலும்பு வயதைக் காண இடது கை எக்ஸ்ரே ஆகியவற்றை மருத்துவர் முடிவு செய்வார். பெண் பிள்ளை காரணமின்றிக் குட்டையாக இருந்தால் குரோமோசோம் பரிசோதனையும் அவசியம். உங்களுக்கு அது பொருந்தாது, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடமும் அட்டையைக் காட்டலாம். செயலியில் வந்த பதிவை நீக்கச் சொல்லிப் பணியாளரிடம் வாதாட வேண்டாம். அவர் அளந்ததைப் பதிவது அவர் கடமை, அந்தப் பதிவு இருந்தால்தான் அடுத்த அளவோடு ஒப்பிட முடியும்.